குதிநாணும் போலீஸ் செலக்‌ஷனும்

சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாள் விடிகாலையில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். முந்தின நாள் வரை நடைப்பயிற்சிக்காரர்கள் அரசியல் பேசிக்கொண்டு சுற்றிய இடத்தில் பையன்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று நாலாபக்கமிருந்தும் ஒரு பைக்கில் மூன்று பேராக வந்து இறங்குவார்கள். அவ்வளவு தூரம் வர முடியாதவனுக்கு ஊர்க் கண்மாய்க் கரை இருக்கிறது, ரிங் ரோட்டின் ஓரம் இருக்கிறது. போலீஸ் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ராணுவத்தின் அக்னிவீர் முகாமுக்குப் போகிறவனுக்கு 1.6 கிலோமீட்டர், அதில் ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முழு மதிப்பெண்.

ஓட்டக்காரர்கள் என்றதும் பத்திரிகைகள் மாரத்தான் பனியன் போட்ட ஆட்களின் படத்தைத்தான் போடுகின்றன. என் கணக்கில் மதுரைச் சுற்றுவட்டாரத்தின் உண்மையான ஓட்டக்காரர்கள் இந்தப் பையன்களும் பெண்களும்தான். எண்ணிக்கையிலும் சரி, ஓட்டத்தில் வைத்திருக்கிற பணயத்திலும் சரி. மாரத்தான்காரருக்குக் கால் வலித்தால் பதக்கம் ஒன்று போகும். இவர்களுக்கு வலித்தால் வேலை போகும்.

இப்படி ஒரு சீசனில் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு தம்பியோடு நடந்த பேச்சு இது.

“அண்ணே, குதிங்காலுக்கு மேல நரம்பு புடிச்சு இழுக்குதுண்ணே.”

“எப்ப இருந்து?”

“போன வாரத்துல இருந்து. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்குது. ரெண்டு ரவுண்டு போனா சரியாயிருது. மறுநா காலையில கட்டில விட்டு கால ஊன முடியல.”

“அதுக்கு முன்னாடி தெனம் ஓடிக்கிட்டு இருந்தியா?”

“எங்கண்ணே, பரீட்சைக்குல்ல படிச்சுக்கிட்டு இருந்தேன்.”

வியாதி என்ன, காரணம் என்ன என்பது முழுக்க அந்தக் கடைசிப் பதிலில் இருக்கிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்த கால், ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து தினம் ஐந்தாறு கிலோமீட்டர், அதிலும் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு. மூச்சு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். தசையும் ஓரளவு பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கிற நாண் அவ்வளவு சீக்கிரம் பழகாது.

நான் மருத்துவன் இல்லை. எனக்கும் இடது காலில் இதே வலி வந்து கிடந்து போனது. அந்தச் சமயத்தில் படித்ததும், பிசியோதெரபி நண்பர்களிடம் நச்சரித்துக் கேட்டதும்தான் இந்தப் பதிவு.

கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். வெளியே புடைத்துத் தெரிகிற பெரிய தசை முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு அடியில் தட்டையாக ஒளிந்திருக்கிற இன்னொன்று முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் கீழே வரவர ஒன்றாகி, ஒரே நாணாகத் திரண்டு, குதிகால் எலும்பின் பின்பக்கத்தில் போய் ஒட்டுகின்றன. அதுதான் குதிநாண். உடம்பில் இருப்பதிலேயே பெரியதும் வலுவானதும் அதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் 6 முதல் 8 மடங்கு இழுவிசை அதன் மேல் விழுகிறது. 60 கிலோ பையனுக்கு ஏறக்குறைய 400 கிலோ. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட சுமார் 1200 அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு காலுக்கு 600 தடவை அந்த 400 கிலோ. ஒரு சுற்றுப் பயிற்சிக்கே இந்தக் கணக்கு. பையன்கள் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று ஓடுகிறார்கள்.

நாணுக்குள் கொலாஜன் இழைகள் தாம்புக்கயிற்றின் புரிகளைப் போல ஒரே திசையில் நெருக்கமாகப் படிந்திருக்கும். தாங்க முடியாத சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்த வரிசை குலைகிறது. நாண் அந்த இடத்தில் தடிக்கிறது, நீர் கோர்க்கிறது, வழக்கமாக இல்லாத சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் உள்ளே முளைக்கின்றன. முன்பெல்லாம் இதை வெறும் அழற்சி என்றுதான் நினைத்தார்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அழற்சி அணுக்கள் பெரிதாக இல்லை. குலைந்த இழைகள்தான் இருந்தன. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக் மாத்திரை வலியை ஒருநாள் மறைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாண் எவ்வளவு மந்தமான ஆசாமி என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன அல்லவா? அதில் காற்றில் இருந்த கதிரியக்கக் கார்பனின் அளவு கூடி, 1963-இல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தபிறகு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. எந்த ஆண்டில் உடம்பில் ஒரு திசு உருவானதோ அந்த ஆண்டின் கார்பன் அளவு அதில் பதிந்திருக்கும். இதை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் குதிநாணின் வயதைக் கணக்கிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். முடிவு என்ன தெரியுமா? நாணின் நடுப்பகுதி 17 வயது வரை உருவாகிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. தசையில் பழையது போய்ப் புதியது வந்துகொண்டே இருக்கிறது; குதிநாணின் உள்ளே பள்ளிக்கூட வயதில் உருவானதுதான் சாகும்வரை. பயிற்சி கொடுத்தால் அது விறைப்பாகும், ஓரளவு பருக்கவும் செய்யும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொரு விஷயம். கடுமையாக ஓடியபின் நாணில் கொலாஜன் உடைவதும் உருவாவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை உடைவதுதான் அதிகம். அதன்பிறகுதான் தராசு மறுபக்கம் சாய்கிறது. இன்று வேகமாக ஓடிவிட்டு நாளைக்கும் வேகமாக ஓடுகிறவன் நட்டக்கணக்கில் இருக்கும்போதே மறுபடி கடன் வாங்குகிறான். ஒருநாள் விட்டு ஒருநாள் என்கிற பழைய வாத்தியார்களின் ஏற்பாட்டில் விவரம் இருந்திருக்கிறது.

சரி, வலி எங்கே என்று பார்த்துக்கொள்வது முக்கியம், ஏனென்றால் இடத்தைப் பொறுத்து வைத்தியம் மாறும். குதிகால் எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே, நாணைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அமுக்கினால் சுரீர் என்கிறதா? மற்றக் காலோடு ஒப்பிட்டால் அங்கே தடிப்பாக இருக்கிறதா? அது நடுநாண் வலி. ஓட்டக்காரர்களுக்கு அதிகம் வருவது இதுதான். நாண் எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே வலி என்றால் அது வேறு ரகம். மேட்டில் ஏறும்போதும், குதிகாலைத் தரையில் பதித்துக் குந்தி உட்காரும்போதும் நாண் எலும்பில் அழுந்துகிறது. வலி அதனால் கூடும். பாதத்துக்கு அடியில், குதிகாலின் உள்ளங்காலில் வலி என்றால் அது நாணே இல்லை, பாதச்சவ்வு. அது தனிக் கதை.

இந்த வலி ஆளை ஏமாற்றும். ஆரம்பத்தில் குத்தும், உடம்பு சூடானதும் மறைந்துபோகும். பையன் சரியாகிவிட்டது என்று முழு வேகத்தில் ஓடுவான். மறுநாள் காலை முதல் அடி வைக்கும்போதுதான் பில் வரும். ஓட ஓட வலி கூடிக்கொண்டே போய், எலும்பில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் உயிர் போகிறது என்றால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்தது மாதிரி ‘டப்’ என்ற உணர்வு வந்து, அதற்குப் பிறகு கால்விரலில் எழும்பி நிற்க முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைச்சதையை அமுக்கிப் பார்ப்பார்கள். நல்ல காலில் பாதம் தானாக அசையும், அறுந்த காலில் அசையாது. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் கரண்டைக்குப் பக்கத்தில் எது வலித்தாலும் முதலில் சுளுக்கு. ‘சுளுக்கு எடுக்கிறவர்’ கட்டைவிரலால் நாணின் மேலேயே ஏறி அமுக்கித் தடவுவார். பையன் கத்துவான். கத்தினால்தான் சுளுக்கு இறங்குகிறது என்று அர்த்தமாம். நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. கெண்டைச்சதை இறுகிக் கிடந்தால் காயத்திருமேனித் தைலம் போட்டு மேல்சதையை நீவிவிட்டு வெந்நீர் ஊற்றினால் சுகமாகத்தான் இருக்கும். வலிக்கிற நாணை, அதுவும் எலும்பில் ஒட்டுகிற இடத்தை அழுத்தித் தேய்ப்பது மட்டும் வேண்டாம். ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறவனைச் சீண்டுகிற வேலை அது.

மறுபக்கம் இங்கிலீஷ் வைத்தியத்தில் இரண்டு சடங்குகள். ஒன்று, “ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க.” ரெஸ்ட் எடுத்தால் வலி போய்விடும், உண்மைதான். ஆனால் அந்த மாதத்தில் நாண் இன்னும் தளர்ந்திருக்கும், தசை இன்னும் மெலிந்திருக்கும். மறுபடி பழைய வேகத்தில் ஓடினால் முதல் வாரத்திலேயே வலி திரும்பி வரும். ஓய்வு, வலி, ஓய்வு, வலி என்று வருஷக்கணக்கில் சுற்றுகிற ஆட்களை எனக்குத் தெரியும். இரண்டாவது, ஸ்டீராய்டு ஊசி. போட்ட ஒரு மாதத்துக்கு அற்புதமாக இருக்கும். நாண் வலிகளுக்கான ஊசிகளைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2010-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, அந்தச் சுகம் நீடிப்பதில்லை என்பதைக் காட்டியது. முழங்கை நாண் வலியில் ஊசி போட்டவர்கள் சில மாதங்கள் கழித்து மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். குதிநாணில் அறுந்துபோகிற ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. செலக்‌ஷனுக்கு நான்கு நாள் முன்பு ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் மைதானத்திலேயே உண்டு. அந்த யோசனையைக் காதில் வாங்காதீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? இங்கேதான் ஹாகன் ஆல்ஃபிரட்சன் வருகிறார். வடக்கு சுவீடனில் உமியோ நகரத்து எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர், ஓடுகிறவரும்கூட. அவருக்கே குதிநாண் வலி. அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். நீ லீவில் போனால் இங்கே யார் வேலை பார்ப்பது என்று அவர் மறுத்துவிட்டாராம். சரி, நாணை நானே நாசமாக்குகிறேன், அப்புறம் வெட்டித்தானே ஆகவேண்டும் என்று முடிவு செய்து, வலிக்கிற காலில் பாரத்தைச் சுமந்து படியிலிருந்து குதிகாலை இறக்கி இறக்கி எடுத்திருக்கிறார். நாண் அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரி லீவுப் பிரச்சினை உலகத்துக்கு ஒரு வைத்தியத்தையே கொடுத்திருக்கிறது.

1998-இல் அவரும் கூட இருந்தவர்களும் இதை ஆய்வாக வெளியிட்டார்கள். மற்ற சிகிச்சைகள் எதுவும் பலிக்காத 15 ஓட்டக்காரர்கள். 12 வாரப் பயிற்சிக்குப் பிறகு 15 பேரும் மறுபடி ஓடினார்கள். பயிற்சி இதுதான். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதியும்படி நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். நல்ல காலால் எழும்பி, உடம்பின் எடையை வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெல்ல இறக்குங்கள். மறுபடி எழும்புவதற்கு நல்ல கால்தான். முழங்காலை நீட்டி வைத்து 15 தடவை, அப்படி மூன்று சுற்று. பிறகு முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு அதே போல் மூன்று சுற்று. அடியில் ஒளிந்திருக்கிற அந்தத் தட்டைத் தசைக்கு வேலை கொடுப்பது இதுதான். காலையும் மாலையும் தினமும், 12 வாரம். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180 தடவை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், வலிக்கலாம். வலியே இல்லாமல் செய்ய முடிகிறது என்றால் எடை கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஜிம் வேண்டாம். பழைய ஸ்கூல் பையில் ஐந்து கிலோ ரேஷன் அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு பத்து.

180 தடவை என்பது மனுசனைச் சலிப்படையச் செய்கிற கணக்கு. அதற்கும் விடை வந்துவிட்டது. 2015-இல் டென்மார்க்கில் இன்னொரு முறையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாரத்துக்கு மூன்றே நாள். எடை அதிகம், எண்ணிக்கை குறைவு, வேகம் மிக மெது. எழும்ப மூன்று விநாடி, இறங்க மூன்று விநாடி. பலன் ஏறக்குறைய சமம், செய்தவர்களுக்குத் திருப்தி கொஞ்சம் அதிகம். நான் இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுகிற ஏற்பாட்டுக்கும் இது பொருந்துகிறது.

நாண் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் வலிக்கிறவர்கள் படிக்குக் கீழே குதிகாலை இறக்கக் கூடாது. அவர்களை அப்படி முழுக்க இறக்க வைத்துச் செய்தபோது மூன்றில் ஒருவருக்குத்தான் குணம் தெரிந்தது. அதே உமியோ குழுவினர் 2008-இல் சமதரையில் மட்டும் செய்ய வைத்தபோது மூன்றில் இருவருக்குத் தெரிந்தது. இவர்களுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை இழுத்து நீட்டுகிற ஸ்ட்ரெச்சும் ஆகாது. ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் ரப்பர் அட்டை வைத்தால் நாண் எலும்பில் அழுந்துவது குறையும். இரண்டு காலுக்கும் வைக்க வேண்டும், ஒரு காலுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு கணக்குக் கேட்கும்.

ஓடலாமா கூடாதா என்பதுதான் எல்லோரும் கேட்பது. சுவீடனிலேயே கரின் சில்பர்னாகல் என்ற பிசியோதெரபிஸ்ட் 2007-இல் இதற்கு நேரான பதில் கண்டார். வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். ஓடும்போது ஐந்தைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. இந்த வரம்புக்குள் ஓடிக்கொண்டே பயிற்சி செய்தவர்கள், ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்தவர்களைவிட எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. ஆக, மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் பத்து அடிதான் உங்கள் மீட்டர். நேற்றைவிட மோசமா? இன்று ஓட்டம் வேண்டாம், சைக்கிள் மிதியுங்கள். அதே அளவா? நேற்று ஓடியது சரியான அளவுதான்.

வலி குதிநாணில் மட்டும்தான் வரும் என்றில்லை. கரண்டையின் வெளிமுட்டிக்குப் பின்னால் இரண்டு நாண்கள் வளைந்து இறங்குகின்றன. உள்முட்டிக்குப் பின்னால் இறங்குவது பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிக்கிற நாண். இவற்றின் வலிக்கு நம் சாலைகள் நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும். அழகர்கோவில் சாலையோ நத்தம் சாலையோ, தண்ணீர் வடிய நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்துத்தான் தார் போடுகிறார்கள். எதிரே வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு ஓடவேண்டும் என்று வலது ஓரத்திலேயே ஓடுகிறோம், அது பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் சரிவில் வலது பாதம் வெளிப்பக்கமாகவும் இடது பாதம் உள்பக்கமாகவும் சாய்ந்தே விழும். வலது காலில் வெளிமுட்டியும் இடது காலில் உள்முட்டியும் வலிக்கிற ஆள் வந்தால் நான் முதலில் கேட்பது எந்த ரோட்டில் ஓடுகிறாய் என்பதைத்தான். ரேஸ்கோர்ஸ் மைதானம், பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிற சாலைகள், அதிகாலையில் வண்டி இல்லாத தெருக்கள் என்று சமதளமாகப் பார்த்து மாற்றிக்கொண்டால் பாதி வலி குறையும். வறண்டு கிடக்கிற வைகை மணலில் ஓடினால் கால் வலுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. வலுக்கும், நல்ல காலுக்கு. வலிக்கிற குதிநாணோடு மணலில் ஓடினால் குதிகால் அடிக்கு அடி புதைந்து நாண் கூடுதலாக இழுபடும். உள்முட்டி வலியோடு பாதம் தட்டையாகிக்கொண்டே வந்து, ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்ப முடியவில்லை என்றால் காலம் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள். அந்த நாண் தளர்ந்துவிட்டால் பாத வளைவு திரும்ப வராது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்குக் கரண்டையின் முன்பக்கம் வலிக்கும். பாதத்தைத் தூக்குகிற நாண் அது. கைவைத்துப் பாதத்தை அசைத்தால் சில சமயம் கரகரவென்று விரலுக்குத் தெரியும். வருஷம் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலை போட்ட கையோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் முருகன் என்ன செய்வார். மார்கழி பிறந்ததுமே கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகியவர்களுக்கு இது வருவது குறைவு.

வெறுங்கால் பற்றியும் கேட்கிறார்கள். மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி கல்லூரி நாட்களில் வெறுங்காலோடு ஓடியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அதைச் சொல்லி, ‘ஷூவே வேண்டாம்’ என்று திடீரென்று கழற்றி எறிகிற பையன்கள் இருக்கிறார்கள். வெறுங்காலில் வேகமாக ஓடும்போது பெரும்பாலும் முன்பாதம்தான் முதலில் தரையைத் தொடும். குதிநாணுக்குச் சுமை கூடும். குழந்தையிலிருந்து பழகிய கால் வேறு, செலக்‌ஷனுக்கு முந்தின மாதம் ஞானம் வந்து பழகுகிற கால் வேறு. குதிகால் உயர்ந்த ஷூவிலிருந்து தட்டையான ஷூவுக்கு ஒரே நாளில் மாறுவதும் இதே வம்புதான்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2023 நவம்பரில் அரசு எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளைத் தொடங்கிவைத்ததிலிருந்து நடக்க வருகிறவர்களில் சிலர் ஓடவும் தொடங்கிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் சர்க்கரை இருந்தால் கொலாஜனில் சர்க்கரை ஒட்டி நாண் விறைத்துப்போகும், வலி வருவதற்கும் அறுவதற்கும் வாய்ப்பு கூடும். இரண்டு குதிநாண்களிலும் வலியில்லாத கட்டிபோல் தடித்திருந்தால் ஒருமுறை கொழுப்பு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், பரம்பரையாக வருகிற அதிகக் கொழுப்பு அங்கே தலைகாட்டலாம். அடுத்தது காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக். இந்தக் குடும்ப மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகவும் வைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008-இலேயே அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கச் சொல்லிவிட்டது. அறுபதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடத்தான் வேண்டும். ஓடுகிற ஆள் என்பதைச் சொல்லி வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள், அந்தச் சமயத்தில் ஓடாதீர்கள்.

வைத்தியத்துக்குப் பணம் இல்லாததால்தான் நம் பையன்களுக்கு இது வருகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஏதென்ஸில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கிய சீனத்து லியு ஷியாங், 2008-இல் சொந்த நாட்டில் நடந்த பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தொடக்கக் கோட்டிலிருந்து குதிநாண் வலியோடு திரும்பி நடந்தார். 2012-இல் லண்டனில் முதல் தடையிலேயே விழுந்து நாண் அறுந்தது. கிரிக்கெட் வீரர் முகமது ஷமி 2024 பிப்ரவரியில் குதிநாணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஒரு நாடே பின்னால் நின்று பார்த்துக்கொண்ட கால்களின் கதை இது.

எழுத்துத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற மையங்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கணக்கும் பொது அறிவும் நடத்துகிற அதே மாதங்களில் வாரம் மூன்று நாள் அரைமணி நேர ஓட்டத்தையும், மாடிப்படியில் குதிகால் பயிற்சியையும் வகுப்பு நேரத்திலேயே சேர்த்துவிட்டால் இந்த வலியில் பெரும்பங்கு வராமலே போகும். ஃபீஸ் ஒரு ரூபாய் கூட வேண்டியதில்லை.

இனி, அந்தத் தம்பி கடைசியாகக் கேட்டது. “எல்லாஞ் சரிண்ணே, எனக்கு மூணு வாரந்தான இருக்கு?”

மூன்று வாரத்தில் நாண் குணமாகாது, 12 வாரக் கதை அது. ஆனால் மூன்று வாரத்தில் அதைச் சாந்தப்படுத்த முடியும். முதல் வாரம் வேக ஓட்டம் கிடையாது, குதிக்கிற பயிற்சியும் கிடையாது. மூச்சுக்குச் சைக்கிள். கயிறு ஏறுகிற பயிற்சியை மட்டும் விடாமல் செய்யலாம், அதற்குக் கைதான் வேண்டும். நுனிவிரலில் எழும்பி அசையாமல் 45 விநாடி நிற்பது, ஐந்து தடவை. சிலருக்கு வலி உடனே தணியும், தணியாவிட்டாலும் நட்டமில்லை. அதோடு மெதுவான குதிகால் பயிற்சி. இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்லோட்டம், காலை மீட்டரைப் பார்த்துக்கொண்டு. மூன்றாம் வாரம் ஒரே ஒரு தடவை 1500-ஐ ஓடிப் பார்க்கலாம். கடைசி மூன்று நாள் கால் சும்மா இருக்கட்டும்.

அப்புறம் அன்றைய தினத்துக் கணக்கு. தாண்டல், கயிறு ஏறுதல், குறுந்தூர ஓட்டம் ஆகியவற்றுக்குத்தான் நட்சத்திரமும் மார்க்கும். 1500 மீட்டர் வெறும் தகுதி ஓட்டம். ஐந்து நிமிடத்தில் வந்தாலும் ஆறே முக்காலில் வந்தாலும் ஒன்றுதான். 400 மீட்டர் ஓடுதளத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி எடுத்தால் சரியாக ஏழு நிமிடம். 1 நிமிடம் 45 விநாடியில் வந்தால் ஆறரை நிமிடத்துக்கு நாலு விநாடி கூட ஆகும், பயமில்லாமல் உள்ளே வந்துவிடலாம். விசில் அடித்ததும் முன்னால் பாய்கிற கூட்டத்தோடு பாயாமல் வாட்சைப் பார்த்துப் பின்னாலேயே ஓடு, மிச்சக் காலைத் தாண்டலுக்கு வைத்துக்கொள் என்று சொன்னேன்.

“பின்னாடி ஓடுனா பயலுக சிரிப்பாய்ங்கண்ணே” என்றான்.